வாசகர் வட்டத்தில் ஆறு பேர்தான் மிச்சம்: என்ன படிப்பது, எப்படிப் பேசுவது?

மேலோட்டமாகப் பார்த்தால் நீங்கள் கேட்டிருப்பது ஒரு புத்தகப் பட்டியல். சிங்கப்பூரில் செங்காங் பக்கம் ஒரு நூலகத்தில் தமிழ் வாசகர் வட்டம் தொடங்கி ஐந்து மாதம் ஆகிறது, முதல் மாதம் 22 பேர் வந்தார்கள், போன மாதம் ஆறே பேர், அடுத்த ஓராண்டுக்கு ‘ஆட்களை இழுக்கிற’ மாதிரி புத்தகங்கள் சொல்லுங்கள் என்கிறீர்கள். கேள்வியின் நடுவே போகிறபோக்கில் இரண்டு வரி எழுதியிருக்கிறீர்கள். ஒரு பெரியவர் ஒவ்வொரு முறையும் முழுக்கதையையும் நாற்பது நிமிடம் சொல்லிவிடுகிறார். இங்கே பிறந்து வளர்ந்த இளையர்கள் மூவர் வருகிறார்கள், வாயே திறப்பதில்லை. உங்கள் உண்மையான கேள்வி அங்கேதான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. பட்டியலும் தருகிறேன். ஆனால் எவ்வளவு நல்ல பட்டியலாக இருந்தாலும் அந்த நாற்பது நிமிடம் அதைத் தின்றுவிடும்.

முதலில் நான் எங்கே நின்று பேசுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். உயர்நிலைப்பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்றவன். கிழக்குப் பக்கம் ஒரு நூலகத்தில் பன்னிரண்டு ஆண்டுகளாக மாதம் ஒரு சனிக்கிழமை வாசகர் வட்டம் நடத்துகிறேன். நூலக ஊழியன் இல்லை, தொண்டூழியன்தான். இந்தப் பன்னிரண்டு ஆண்டில் இரண்டு முறை ஆள் இல்லாமல் வட்டத்தை இழுத்து மூடியிருக்கிறோம், மறுபடி திறந்திருக்கிறோம். ஆகவே தோற்ற அனுபவமும் கணிசமாக இருக்கிறது. சிறுவர்களுக்கான கதை நேரம் நான் நடத்தியதில்லை, அதைப் பற்றிக் கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. மற்றதெல்லாம் ஒரே பேட்டையில் கற்றது. உங்கள் பேட்டையில் கொஞ்சம் மாறலாம்.

எனக்குச் சந்தேகமே இல்லாத விஷயம் ஒன்று உண்டு, அதிலிருந்தே தொடங்குகிறேன். கதைச் சுருக்கம் சொல்லும் பழக்கம் வாசகர் வட்டத்தைக் கொல்லும். யோசித்துப் பாருங்கள். முழுக்கதையும் அங்கே சொல்லப்படும் என்றால், வீட்டில் உட்கார்ந்து படித்துவிட்டு வந்தவர்தான் ஏமாளி. நாற்பது நிமிடம் தெரிந்த கதையையே அவர் மறுபடி கேட்கவேண்டும். படிக்காமல் வந்தவருக்கோ கதை இலவசமாகக் கிடைத்துவிடுகிறது, அடுத்த மாதமும் படிக்காமல் வரலாம். இரண்டு மூன்று மாதத்தில் படிக்கிறவர்கள் நின்றுவிடுவார்கள். பிறகு படிக்காதவர்களுக்கும் சலித்துவிடும், ஏனென்றால் சுருக்கமாகச் சொன்னால் பெரும்பாலான நல்ல கதைகள் சாதாரணமாகத்தான் இருக்கும். ‘அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குப் புத்தகம் கொண்டுவந்து தரும் ஒருவர் புது வருஷத்துக்கு இரண்டு பிள்ளைகளுக்கு மட்டும் டைரி கொடுக்கிறார், மூன்றாவது பையன் வருத்தப்படுகிறான்.’ கு. அழகிரிசாமியின் ‘அன்பளிப்பு’ இவ்வளவுதான் என்றால் அதை யார் தேடிப் படிப்பார்கள்?

அந்தப் பெரியவரைக் குறை சொல்லிப் பயனில்லை. நம்மில் பலர் இலக்கியம் பேசக் கற்றுக்கொண்டதே மேடையில்தான். பள்ளியில் ‘கதையை உன் சொந்த நடையில் எழுதுக’ என்றார்கள், நானே நூற்றுக்கணக்கான பிள்ளைகளிடம் அப்படிக் கேட்டு மதிப்பெண் போட்டிருக்கிறேன். வெளியே வந்தால் பட்டிமன்றம், நூல் வெளியீட்டு விழா. புத்தகத்தைப் பற்றிப் பேசுவது என்றால் எழுந்து நின்று உரையாற்றுவது என்றே பழகிவிட்டோம். அவர் உரையாற்றுகிறார், அவ்வளவுதான். ‘ஐயா, சுருக்கமாகச் சொல்லுங்கள்’ என்று நான் ஒருமுறை எங்கள் வட்டத்தில் ஒரு மூத்தவரிடம் சொன்னேன். அன்று சிரித்தார், அடுத்த மாதம் வரவில்லை, அதன்பின் வரவேயில்லை. அது என் தவறு. அவரைப் போல வாசித்தவர் அந்த அறையில் வேறு யாரும் இல்லை.

இப்போது நாங்கள் செய்வது இதுதான். கூட்டம் ஒன்றரை மணி நேரம். கதையின் ஏதாவது ஒரு பக்கத்தை, அதிகம் போனால் ஒன்றரைப் பக்கத்தை, எல்லார் கையிலும் தாள் இருக்க, ஒருவர் சத்தமாகப் படிப்பார். படித்து முடித்ததும் யாரும் உடனே கருத்துச் சொல்லக்கூடாது. ஒவ்வொருவரும் அந்தப் பக்கத்தில் தாம் நின்றுபோன ஒரு சொல்லையோ வரியையோ காட்டவேண்டும். காரணம் தெரிந்தால் சொல்லலாம், தெரியாவிட்டால் ‘இங்கே நின்றேன்’ என்றாலே போதும். இந்தச் சுற்று பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அதற்குள் எப்படியும் இரண்டு பேர் ஒரே வரியில் வேறு வேறு காரணத்துக்காக நின்றிருப்பார்கள். அங்கிருந்து பேச்சு தானாக ஓடும், நீங்கள் தள்ளவேண்டியதில்லை.

‘அன்பளிப்பு’ கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியில் அந்த மூன்றாவது பையன் சாரங்கராஜன் தானே ஒரு டைரியைக் கொண்டுவந்து, தனக்கு அன்பளிப்பு என்று அதில் எழுதித் தரும்படி கேட்கும் இடத்தை மட்டும் நாங்கள் படித்தோம். தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு பொறியாளர், தவறு முழுக்க அந்தப் பெரிய மனிதருடையது என்றார்: பிள்ளைகளிடம் பாரபட்சம் காட்டிவிட்டு அன்பைப் பற்றிப் பேசுவதாவது. இங்கே பாலர் பள்ளியில் வேலை செய்யும் ஒரு பெண் அதை ஒப்புக்கொள்ளவில்லை. இருபது பிள்ளைகளில் யாரோ ஒருவரிடம் மனம் கூடுதலாகப் போவதை எந்த ஆசிரியராலும் தடுக்கமுடியாது, அதை மறைக்கத்தான் முடியும் என்றார். பிறகு தன் வகுப்பில் தான் மறந்துவிட்ட ஒரு பையனைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். கதைச் சுருக்கம் சொல்ல அன்று யாருக்கும் நேரமில்லை.

இந்தப் பழக்கத்தில் கதை சொல்லும் பெரியவருக்கும் இடம் இருக்கிறது. சத்தமாகப் படிக்கும் வேலையை அவரிடமே கொடுங்கள். கதை சொல்ல ஆசைப்படுகிறவர்களுக்குப் பொதுவாகக் குரல் நன்றாக இருக்கும். வானொலி நாடகம் கேட்டு வளர்ந்த தலைமுறை அது. ஒரு மாதம் முன்னாலேயே, ‘ஐயா, இந்தப் பக்கத்தை நீங்கள்தான் படிக்கவேண்டும், வீட்டில் ஒருமுறை படித்துப் பார்த்து வாருங்கள்’ என்று கேளுங்கள். அவருக்கு வேண்டியது அறையின் கவனம். அது அவருக்கு முதல் பத்து நிமிடத்தில் கிடைத்துவிட்டால் அப்புறம் நாற்பது நிமிடம் தேவைப்படாது. எப்போதும் பலிக்கும் என்று உறுதி தரமாட்டேன். எங்களிடம் பலித்தது மூன்றில் இரண்டு பேரிடம்.

இளையர்கள் பேசாததற்கு வேறு காரணம். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகம் பேசும் மொழி ஆங்கிலம் என்று சொன்னவர்கள் 48.3 விழுக்காடு, தமிழ் என்றவர்கள் 2.5 விழுக்காடு. நம் இளையர்களில் பலர் அம்மாவிடம் தமிழில் பேசி, அண்ணனிடம் ஆங்கிலத்தில் சண்டை போட்டு, பள்ளியில் இரண்டாம் மொழியாகத் தமிழ் படித்தவர்கள். கதை அவர்களுக்குப் புரியாமல் இல்லை. புரிந்ததைச் சொல்லும்போது ‘ல’வும் ‘ழ’வும் தடுமாறினால் யாராவது திருத்துவார்கள் என்ற பயம். நம்மவர்கள் திருத்தவும் செய்வார்கள்! எங்கள் வட்டத்தில் உச்சரிப்பைத் திருத்தக்கூடாது என்பது ஒரே எழுதப்பட்ட விதி. தேர்ந்த தமிழில் பேசினால் சபாஷ் போடுவதும் கூடாது, அது மற்றவர்களை இன்னும் சுருங்க வைக்கும். சொல் வரவில்லை என்றால் ஆங்கிலத்தில் சொல்லட்டும், பக்கத்தில் இருப்பவர் தமிழில் எடுத்துக் கொடுப்பார். இதில் எனக்கே முழு நிம்மதி இல்லை. ஒரு காலத்தில் எங்கள் கூட்டம் முக்கால்வாசி ஆங்கிலத்தில் நடந்து, வயதானவர்கள் இருவர் முகம் வாடி எழுந்து போனார்கள். கோடு எங்கே போடுவது என்பதை ஒவ்வொரு மாதமும் ஆளைப் பார்த்து முடிவு செய்கிறேன். இதற்கு விதி வகுக்க என்னால் முடியவில்லை.

மௌனத்தை உடைப்பதற்கு ஒரு நல்ல புத்தகம் உண்டு. லதாவின் ‘நான் கொலை செய்யும் பெண்கள்’ சிறுகதைத் தொகுப்பு. 2008இல் சிங்கப்பூர் இலக்கியப் பரிசு பெற்றது. 2014இல் ‘தி காடஸ் இன் தி லிவிங் ரூம்’ என்ற தலைப்பில் ஆங்கிலத்தில் வந்தது. இளையர்களை ஆங்கிலத்திலும் மற்றவர்களைத் தமிழிலும் படித்துவரச் சொன்னோம். அந்த மாதம் பெரியவர்கள்தான் கேள்வி கேட்டார்கள்: ‘இந்த வரி ஆங்கிலத்தில் எப்படி இருக்கிறது?’ இளையர்கள் பதில் சொல்லும் இடத்துக்கு வந்துவிட்டார்கள். ஆங்கிலத்தில் ஏதோ குறைகிறது என்று ஒருவர் சொல்ல, ஒரு பல்கலைக்கழக மாணவி தமிழ்ப் பிரதியை வாங்கி அந்த வரியைத் தானே சத்தமாகப் படித்துப் பார்த்தாள். யாரும் கேட்காமல் அவள் தமிழில் படித்தது அன்றுதான் முதல் முறை.

சரி, பட்டியலுக்கு வருகிறேன். முதல் ஆறு மாதம் நாவலே வேண்டாம். வேலைக்குப் போகிறவர் எம்ஆர்டி ரயிலில் இரண்டு நாளில் முடித்து, மூன்றாவது நாள் மறுபடி ஒருமுறை புரட்டிப் பார்க்கும்படியான நீளம்தான் வேண்டும். ஒருமுறை படித்தவர் கதையை நினைவில் வைத்திருப்பார். இரண்டாம் முறை படித்தவர்தான் அதைப் பற்றிப் பேசுவார். தேர்வுக்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றே ஒன்று: நல்ல மனம் உள்ள இரண்டு பேர் இதைப் படித்துவிட்டு எதிரெதிர் முடிவுக்கு வரமுடியுமா? முடியாது என்றால் அது எவ்வளவு உயர்ந்த படைப்பாக இருந்தாலும் வட்டத்துக்கு வேண்டாம், வீட்டில் படித்துக்கொள்ளலாம். இதனால் எனக்கு மிகப் பிடித்த சில எழுத்தாளர்களை நான் வட்டத்துக்குக் கொண்டுவந்ததே இல்லை. எல்லாரும் தலையாட்டி ‘ஆமாம், அருமை’ என்று சொன்னால் பத்து நிமிடத்தில் கூட்டம் முடிந்துவிடும், நூலகத்தில் அறையை ஒன்றரை மணி நேரத்துக்கு வாங்கி வைத்திருக்கிறோம்.

முதல் மாதம் ‘அன்பளிப்பு’. அழகிரிசாமிக்கும் நமக்கும் தூரம் இல்லை. 1952 முதல் ஐந்தாண்டு அவர் கோலாலம்பூரில் தமிழ் நேசன் நாளிதழில் வேலை பார்த்தவர் என்பதையும் சொல்லிவையுங்கள், இங்கே உள்ளவர்களுக்குப் பிடிக்கும். இரண்டாம் மாதம் புதுமைப்பித்தனின் ‘சாப விமோசனம்’. சீதை தீக்குளிக்க நேர்ந்தது என்று கேட்டதும் அகலிகை மீண்டும் கல்லாகிறாள். பத்துப் பேர் இருக்கும் அறையில் அது கோபமா, தோல்வியா, விடுதலையா என்று பத்து விடை வரும். ராமாயணம் தெரியாத இளையர்களுக்கு ஐந்து நிமிடம் முன்கதை சொல்லவேண்டியிருக்கும். இங்கே மட்டும் கதை சொல்ல அனுமதி உண்டு, அந்த ஐந்து நிமிடத்தையும் உங்கள் பெரியவருக்கே கொடுத்துவிடலாம்.

மூன்றாம் மாதம் ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’. 1966இல் ஆனந்த விகடனில் வந்தபோது பெரிய விவாதத்தைக் கிளப்பிய கதை. மழையில் ஒருவன் காரில் ஏறிப் போய்க் கெட்டுவிட்டதாக அழுதுகொண்டு வரும் மகளின் தலையில் தாய் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். தாய் செய்தது சரியா என்று கேட்டால் வயது வாரியாக அறை பிரியும் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். அப்படிப் பிரியவில்லை. எழுபது வயதுப் பாட்டி ஒருவர் தாயின் பக்கம் நின்றார். இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி, ‘தண்ணீர் ஊற்றுவதே அவள் அழுக்கு என்று ஒப்புக்கொள்வதுதானே’ என்று கேட்டாள். அதன்பின் சிறிது நேரம் அறையில் யாரும் பேசவில்லை. இதில் இன்னொரு வசதி உண்டு. அந்தத் தாய் ஊரைக் கூட்டிவிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை ஜெயகாந்தனே பின்னால் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலாக எழுதினார். 1972இல் அதற்கு சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. ஆகவே ஏழாம் மாதம், முதல் நாவலாக இதையே எடுங்கள். சிறுகதை விவாதத்தில் கலந்துகொண்டவர்கள் தாங்கள் எந்தப் பக்கம் நின்றோம் என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டு நாவலைப் படிப்பார்கள். நீளமான புத்தகத்துக்கு அதைவிட நல்ல தூண்டுதல் நான் பார்த்ததில்லை.

நடுவில் ஒரு மாதம் புதுமைதாசனின் ‘அடுக்குவீட்டு அண்ணாசாமி’. வானொலிக்காக எழுதப்பட்ட தொடர் நாடகம், பிறகு நூலாக வந்தது. அவருக்கு 2008இல் கலாசாரப் பதக்கம் கிடைத்தது. மெக்பெத்தையும் ஒதெல்லோவையும் தமிழுக்குக் கொண்டுவந்தவரும் அவரே. இதை விவாதிக்கவே வேண்டாம். ஒரு காட்சியைப் பிரித்துக்கொண்டு ஆளுக்கொரு பாத்திரமாகப் படியுங்கள், வீவக அடுக்குமாடி வீட்டுப் பேச்சு எல்லார் வாயிலும் இயல்பாக வரும். கொஞ்சம் சிரித்துவிட்டுப் போகட்டும்.

அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ சிறிய நாவல், எட்டாவது ஒன்பதாவது மாதத்துக்குச் சரியாக இருக்கும். சென்னையின் தண்ணீர்ப் பஞ்சத்தைப் பின்னணியாகக் கொண்டது. குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும் ஊரில் இதை எப்படி எடுத்துக்கொள்வார்களோ என்று தயங்கித்தான் கொண்டுபோனேன். எங்கள் வட்டத்தின் மூத்தவர்கள் இருவருக்கு 1963, 64 நீர்ப் பங்கீடு நினைவில் இருந்தது. பத்து மாதம் நீடித்தது அது. கம்பத்து, அதாவது அந்தக் காலத்துக் கிராமத்து, பொதுக்குழாயில் வாளியோடு வரிசையில் நின்றதையும், வரிசையில் நடந்த சண்டையையும் அவர்கள் சொல்லச் சொல்ல, சென்னையிலிருந்து வந்த இளம் தம்பதி தங்கள் தெருவுக்கு லாரி வந்த நாட்களைச் சொன்னார்கள். ஊர்க்காரர், வெளியூர்க்காரர் என்ற பிரிவு எல்லாக் கூட்டத்திலும் சொல்லாமல் இருக்கும், நீங்களும் கவனித்திருப்பீர்கள். அன்று ஒரு மணி நேரம் அது மறைந்தது. ஆனால் நாவலின் நாயகி ஜமுனாவைப் பற்றி நாங்கள் பேசவேயில்லை, முழுக்கக் குழாயைப் பற்றித்தான் பேசினோம். வாசகர் வட்டம் என்ற கணக்கில் அது தோல்வியா என்று இன்றும் யோசிக்கிறேன்.

ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யை இரண்டாம் ஆண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். 1972இல் வந்த நாவல். ஜப்பானியர் காலத்து மேடான், பினாங்கு, மலாயா எல்லாம் வரும். முதல் ஐம்பது பக்கத்தில் பாதிப் பேர் விட்டுவிடுவார்கள், தெரிந்தே எடுங்கள். இருந்தும் எடுக்கச் சொல்வதற்குக் காரணம், அதில் இறைந்து கிடக்கும் மலாய்ச் சொற்கள். மதுரையிலும் சென்னையிலும் இலக்கியம் படித்து வந்தவர்கள் திணறும் இடத்தில், இங்கே சந்தையில் மலாய் பேசி வளர்ந்தவர்கள் தடையில்லாமல் போவார்கள். அந்த ஒரு மாதம் யாருக்கு யார் விளக்கம் சொல்வது என்பது தலைகீழாகும். இரண்டு மாதமாகப் பிரித்துப் படியுங்கள், ஒரு பழைய வரைபடத்தைச் சுவரில் மாட்டிவையுங்கள்.

பிரதிகள் கிடைப்பது பெரிய தலைவலி. ஒரு தமிழ்த் தலைப்புக்கு நூலகங்களில் இருக்கும் பிரதிகள் சில மட்டுமே, இரவல் காலமோ மூன்று வாரம். பத்துப் பேர் ஒரே நேரத்தில் தேடினால் முதலில் ஓடியவருக்குக் கிடைக்கும். ஆகவே இரண்டு மாதம் முன்னாலேயே தலைப்பை அறிவித்து, உங்கள் நூலகரிடம் சொல்லிவையுங்கள். நூலகச் செயலியில் தமிழ் மின்னூல்களும் உண்டு, பெரியவர்களுக்கு எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்க அது வசதி. புதுமைப்பித்தன் நாட்டுடைமையாக்கப்பட்டவர், மதுரைத் திட்டம் என்ற இணைய நூல் தொகுப்பில் இலவசமாகவே படிக்கலாம். சிங்கப்பூர் நூல்களுக்கு இன்னொரு வழி உண்டு. 2015இல், நாட்டின் பொன்விழாவை ஒட்டி, தமிழ் மின்மரபுடைமைத் திட்டம் 1965 முதல் 2015 வரை இங்கே வந்த சுமார் 350 தமிழ் இலக்கிய நூல்களை மின்வடிவமாக்கித் தேசிய நூலகத்தின் இணையத்தளத்தில் ஏற்றியது. கடையில் தேடியும் கிடைக்காத பல தொகுப்புகள் அங்கே இருக்கின்றன. வாழ்கிற எழுத்தாளரின் முழுப் புத்தகத்தை மட்டும் நகலெடுத்து விநியோகிக்காதீர்கள், விற்பதே சில நூறு பிரதிதான்.

வாழ்கிற எழுத்தாளர் என்றதும் சொல்லவேண்டிய ஒன்று. சிங்கப்பூரில் தமிழில் எழுதுகிறவர்களும் வாசிக்கிறவர்களும் ஒருவரையொருவர் தேக்காவில் காய்கறி வாங்கும்போது பார்த்துக்கொள்வார்கள். உள்ளூர் நூலை எடுத்தால் ஆசிரியரையும் அழைக்கவேண்டும் என்று யாராவது சொல்வார்கள். அழைத்தால் விவாதம் செத்தது. எழுதியவரை எதிரில் உட்காரவைத்து ‘இந்த முடிவு எனக்கு ஒட்டவில்லை’ என்று நம்மில் யார் சொல்வோம்? ஒருமுறை நாங்கள் அப்படி அழைத்துவிட்டு, ஒன்றரை மணி நேரமும் பாராட்டினோம். கடைசியில் அந்த எழுத்தாளரே, ‘யாருக்கும் எதுவும் உறுத்தவில்லையா?’ என்று கொஞ்சம் ஏமாற்றத்தோடு கேட்டார். அதிலிருந்து ஆசிரியரை ஒரு மணி நேரம் தாமதமாக வரச் சொல்கிறோம். முதல் ஒரு மணி நேரம் நாங்கள் பேசுவோம், வந்ததும் இரண்டே இரண்டு கேள்வியை முன்வைப்போம். ஒப்புக்கொள்ளாத எழுத்தாளர்களும் உண்டு. அவர்களுக்கு நூல் வெளியீட்டு விழா இருக்கிறது.

விழா என்பதும் ஒரு நோய். எப்படி நுழைகிறது என்றே தெரியாது. ஒரு மாதம் யாரோ வரவேற்புரை சொல்வார், அடுத்த மாதம் நன்றியுரை சேரும், மூன்றாம் மாதம் பொன்னாடை வந்துவிடும், குழுப்படம் எடுக்கப் பத்து நிமிடம். நாற்காலிகளை வரிசையாகப் போடாமல் வட்டமாகப் போட்டாலே பாதி குறைந்துவிடும், ஏனென்றால் எழுந்து நின்று பேச ஓர் ‘எதிர்’ இருக்காது.

இப்படிக் கூடிப் படித்துப் பேசுவது இந்த மண்ணுக்குப் புதிது என்று நினைக்கவேண்டாம். 1950களின் தொடக்கத்தில் தமிழ் நேசன் ‘கதை வகுப்பு’ என்றும், கோ. சாரங்கபாணி 1935இல் தொடங்கிய தமிழ் முரசு ‘ரசனை வகுப்பு’ என்றும் நடத்தின. இரண்டிலும் சுப. நாராயணனின் பெயர் வரும். ஒன்று எழுதக் கற்றுக்கொடுத்தது, மற்றொன்று வாசகர்களைக் கதைகளைப் பற்றி எழுதி அனுப்பவைத்தது. நாளிதழ் வாசகரை ‘நீ இதில் என்ன பார்த்தாய்?’ என்று கேட்டிருக்கிறது. இன்று வாட்ஸ்அப் குழுவில் அதைச் செய்யலாம் என்று எங்கள் இளையர் ஒருவர் முயன்றார். மூன்று வாரத்தில் காலை வணக்கப் படங்கள் நிரம்பிவிட்டன. உங்கள் குழு கட்டுப்பாடாக இருந்தால் பலிக்கலாம், எனக்கு அதில் நம்பிக்கை குறைவு.

எண்ணிக்கையைப் பற்றி: 22 பேர் ஆறானதைச் சரிவு என்று நான் எடுத்துக்கொள்ளமாட்டேன். முதல் கூட்டத்துக்கு நண்பர்கள், நண்பர்களின் நண்பர்கள் எல்லாரும் வருவார்கள். எங்கள் அனுபவத்தில் எட்டு முதல் பன்னிரண்டு பேர் இருக்கும்போதுதான் பேச்சு நன்றாக நடக்கிறது. பதினைந்தைத் தாண்டினால் இருவர் மூவர் பேச மற்றவர்கள் கேட்பார்கள். ஆறு பேர் குறைவுதான், ஆனால் அந்த ஆறில் மூவர் வாய் திறக்காமலே ஐந்து மாதமாக வந்துகொண்டிருக்கும் இளையர்கள் என்கிறீர்கள். அவர்கள் ஏன் இன்னும் வருகிறார்கள் என்று அவர்களிடமே கேட்டுப் பாருங்கள். கூட்டத்தில் கேட்காதீர்கள், முடிந்தபின் கீழே கோப்பிக்கடையில் கேளுங்கள். எங்கள் வட்டத்தின் நல்ல விவாதங்களில் பாதி அங்கேதான் நடந்திருக்கிறது, நூலக அறையை ஆறு மணிக்குத் திருப்பிக் கொடுத்த பிறகு.

கட்டணம் வாங்கலாமா என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். வாங்கவேண்டாம். அறைக்கு உங்களுக்குச் செலவில்லை, தாள் நகலெடுக்க மாதம் சில வெள்ளிதான் ஆகும், அதை ஒருவர் மாற்றி ஒருவர் ஏற்றுக்கொள்ளலாம். கோப்பிக் காசு அவரவர் கொடுத்துக்கொள்ளட்டும். எங்கள் வட்டத்தில் மட்டும் ஒரு வழக்கம் உண்டு: புத்தகத்தைப் படிக்காமல் வந்தவர் அன்று எல்லாருக்கும் கோப்பி வாங்கித் தரவேண்டும். இந்த ஆண்டு நான் இரண்டு முறை வாங்கியிருக்கிறேன்.